பிரான்சுக்கு ஆங்கில உதவி ஆசிரியராகப் போகிறேன்: முதல் இரண்டு மாதத்தை எப்படி ஓட்டினீர்கள்?

பெரம்பூர்_ரயிலடி
ஆகஸ்ட் 9, இரவு 10:12

வணக்கம். பிரான்சில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை ஏழு மாதம், வாரம் 12 மணி நேரம். கிளெர்மோன்-பெரான் கல்வி மண்டலம், அல்லியே மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு கொலேஜ், ஒரு லீசே, இரண்டுக்கும் போக வேண்டும். (கொலேஜ் என்றால் நம்ம கல்லூரி இல்லை, ஆறாவது முதல் ஒன்பதாவது வரை. லீசே அதற்கு மேல் மூன்று வருஷம்.) நியமன ஆணை போன வாரம்தான் மெயிலில் வந்தது.

+1, +2வில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவள் நான். அப்புறம் மொழி பிடித்துப்போய், சென்னை காலேஜ் ரோடு அலியான்ஸ் பிரான்சேஸில் மாலை வகுப்பு சேர்ந்து பி2 நிலை வரை முடித்தேன். மூன்று வருஷமாக ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் பிரெஞ்சு இன்வாய்ஸ் பார்க்கும் வேலை. படிக்கிறேன், எழுதுகிறேன். ஆனால் ஒரு நாள் முழுக்கப் பிரெஞ்சிலேயே பேசி இருந்ததில்லை. வகுப்பறையில் டீச்சராக நின்றதும் இல்லை.

வீடு எப்படிப் பார்ப்பது, எவ்வளவு காசு எடுத்துப் போவது, இதெல்லாம் தெரிய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மண்டலத்துக்குத் தேர்வானவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்கா, அயர்லாந்து, ஜமைக்கா எல்லாம் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து நான் ஒருத்திதான். என் இங்கிலீஷைக் கேட்டுப் பிள்ளைகள், டீச்சர்கள் என்ன நினைப்பார்கள் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போய் வந்தவர்கள் மனசில் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடையாறு_காற்று
ஆகஸ்ட் 10, காலை 7:35

வாழ்த்துகள். நான் 2022-23ல் ரென் மண்டலத்தில், பிரான்சின் வடமேற்கே பிரித்தானிப் பக்கம் இருந்தேன். உங்கள் கேள்விகளைக் கொஞ்சம் வரிசை மாற்றிக்கொள்கிறேன், ஏனென்றால் முதலில் நெருக்குவது காசுதான்.

கைக்கு வருவது மாதம் சுமார் 800 யூரோ. சின்ன ஊரில் அது போதும். ஆனால் முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அக்டோபர் 1 அன்று பணியில் சேர்ந்து கையெழுத்துப் போட்டேன். வங்கிக் கணக்கு விவரம் அச்சிட்ட ஒரு தாள் கேட்பார்கள், ரிப் என்று பெயர். அது என் கைக்கு வர அக்டோபர் பாதி ஆகிவிட்டது. அதற்குள் அந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடியாகிவிட்டது. நவம்பர் கடைசியில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வந்தது. நடுவில் துசேன் விடுமுறை என்று இரண்டு வாரம். மற்ற உதவி ஆசிரியர்கள் ஊர் சுற்றக் கிளம்பினார்கள், என் கையில் 140 யூரோ இருந்தது. அதனால் சொல்கிறேன், 1,800 யூரோவுக்குக் குறையாமல் எடுத்துப் போங்கள். கடன் வாங்கியாவது. சம்பளம் வந்ததும் அடைத்துவிடலாம்.

வீடு. நம்ம ஊர்ப் பத்து மாத அட்வான்ஸ் அங்கே கிடையாது. சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, சாமானோடு உள்ள வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டு மாதம், சட்டமே அப்படித்தான். ஆனால் ஜாமீன் நிற்க ஆள் கேட்பார்கள். உங்களுக்கு வயது 30க்குள் என்றால் விசால் என்று ஒரு இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். வீட்டைப் பார்க்கும் முன் யாராவது பணம் அனுப்பச் சொன்னால், எவ்வளவு நல்ல போட்டோ இருந்தாலும், அனுப்பாதீர்கள். நான் இங்கே இருந்தபடியே ஒரு அறைக்கு 300 யூரோ கட்டப் போனேன், கடைசி நிமிடத்தில் என் பொறுப்பு ஆசிரியர் (பள்ளியில் நம்மைக் கவனித்துக்கொள்ளும் டீச்சர்) அந்தத் தெருவுக்கே நடந்து போய்ப் பார்த்து, அப்படி ஒரு வீடே இல்லை என்று எழுதினார்.

பொறுப்பு ஆசிரியர் யார் என்று பள்ளியைக் கேட்டு இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். ஆகஸ்டில் பதில் வராது, எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள், பரவாயில்லை. செப்டம்பர் முதல் வாரம் இன்னொன்று போடுங்கள். விடுதி உள்ள லீசேக்களில் சில நேரம் உதவி ஆசிரியருக்குக் குறைந்த வாடகையில் ஒரு அறை இருக்கும். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் ஒரு முடிச்சு. வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார், வங்கியில் வீட்டு முகவரி கேட்பார்கள். என் பொறுப்பு ஆசிரியர் "இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்" என்று ஒரு தாள் எழுதி, தன் கரண்ட் பில் ஜெராக்ஸும் கொடுத்தார். அந்த ஒரு தாளில்தான் எல்லாம் அவிழ்ந்தது.

இங்கிலீஷ் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஆபீஸ் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வடபழனி_74
ஆகஸ்ட் 10, மதியம் 1:20

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். என் மகளும் இதற்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஏழு மாதத்துக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு. அதைவிட, தெரியாத ஊரில் பெண் பிள்ளை தனியாக இருப்பது பற்றித்தான் எனக்குக் கவலை. போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

அடையாறு_காற்று
ஆகஸ்ட் 10, இரவு 8:50

சார், என் அப்பா கேட்ட அதே கேள்வி. உள்ளதைச் சொல்கிறேன். நான் இங்கே ராத்திரி ஒன்பதரைக்கு பறக்கும் ரயிலில் இறங்கி நடந்து வீட்டுக்கு வருகிறவள். தெருவில் இஸ்திரி வண்டி, டீக்கடை, யாராவது இருப்பார்கள். அங்கே சின்ன ஊரில் டிசம்பர் மாதம் ஐந்தே காலுக்கு இருட்டிவிடும், ஏழு மணிக்குத் தெருவில் ஒரு ஆள் இருக்க மாட்டார். ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால் அந்த வெறிச்சோடிய தெரு முதல் மாதம் பயமாகத்தான் இருந்தது. அதனால் வாடகை 50 யூரோ கூட ஆனாலும் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு எடுக்கச் சொல்லுங்கள். கடைசி பஸ் போய்விட்டால் அடுத்தது காலையில்தான். தனி அறையைவிட இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருக்கும் வீடு நல்லது, செலவுக்காக மட்டும் சொல்லவில்லை.

வேலை பற்றி: நான் திரும்பி வந்தபோது பழைய இடத்திலேயே கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்.

சரி, இங்கிலீஷ். நான் போகும் முன் இரண்டு மாதம் யூடியூப் பார்த்து பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகினேன். முதல் வாரம் அப்படியே பேசினேன். என்ன ஆகும் என்றால், மனசில் பாதி வாய் எப்படிப் போகிறது என்பதிலேயே இருக்கும், எதிரே இருக்கும் பிள்ளை என்ன சொல்கிறது என்று காதில் விழாது. இரண்டாம் வாரம் ஒரு பையன், பதினான்கு வயசு இருக்கும், "மேடம், நீங்கள் இந்தியாவில் நண்பர்களோடு இப்படித்தான் பேசுவீர்களா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் அதைக் கேட்கலாமா என்றான். அன்றைக்கு விட்டதுதான்.

அந்த ஊர் கடலோர ஊர், பிள்ளைகள் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறவர்கள். அடுத்த வகுப்பில் பலகையில் 'கட்டமரான்' என்று எழுதி, இது எந்த மொழிச் சொல் என்று கேட்டேன். பிரெஞ்சு என்றார்கள், இங்கிலீஷ் என்றார்கள். நான் 'கட்டுமரம்' என்று தமிழில் எழுதி, கட்டு, மரம் என்று பிரித்துக் காட்டினேன், மெரினாவில் எடுத்த படத்தையும் காட்டினேன். அப்புறம் 'வெத்திவேர்'. அவர்கள் அம்மாக்களின் வாசனைத் திரவியத்தில் இருக்கும் சொல். நம்ம வெட்டிவேரேதான். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் கேட்ட கேள்வி எல்லாம் இங்கிலீஷில் வந்தது. என் உச்சரிப்பு எந்த நாட்டுடையது என்று அதற்கப்புறம் நானும் யோசிக்கவில்லை.

குரோம்பேட்டை_டியூஷன்
ஆகஸ்ட் 11, காலை 6:58

மேலே எழுதியது மனசுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. நான் பதினைந்து வருஷமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பரீட்சையில் கேட்கப்போவது பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல். அவர்கள் அரசாங்கம் காசு கொடுத்து ஆள் எடுப்பது அதற்காகத்தான். நம் பழக்கத்தை அவர்கள் காதில் ஏற்றுவது சரியா? குறைந்தது ஒரு மாதமாவது உச்சரிப்புப் பயிற்சி எடுத்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

காலேஜ்_ரோடு_மரநிழல்
ஆகஸ்ட் 11, மாலை 5:40

டியூஷன் சார் சொல்வதில் பாதி சரி. நானும் உதவி ஆசிரியராக இருந்தவள், இப்போது சென்னைப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு டீச்சர்.

இந்தத் திட்டத்தை நடத்தும் பிரான்ஸ் எடுகாசியோன் அந்தர்நாசியோனால் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்கு ஆள் எடுக்கிறது என்றால், தெரிந்துதான் எடுக்கிறது. பிரிட்டிஷ் குரலுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, வகுப்பு ஆசிரியர் இருக்கிறார். உதவி ஆசிரியர் தனியாக ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசவைக்க வேண்டும், அதுதான் வேலை. மார்க் போடுவது நம் வேலை இல்லை.

ஆனால் நமக்கு வேறு ஒரு பிரச்சினை உண்டு. வேகம். தமிழ் பேசுகிற வேகத்திலேயே இங்கிலீஷையும் பேசுகிறோம், ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று பார்ப்பதில்லை. என் வகுப்பில் பிள்ளைகள் முதல் மாதம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள், புரிகிறது என்று நினைத்தேன். புரியவில்லை என்று டீச்சர்தான் தனியாகச் சொன்னார். 'டெவலப்மென்ட்' என்று நான் நான்கு அசையையும் ஒரே மாதிரி உருட்டியிருக்கிறேன். பயிற்சி எடுப்பதானால் அதற்கு எடுங்கள். ஒரு பத்தியைச் செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். வேறு நாட்டுக்காரராக மாற வேண்டியதில்லை.

இன்னொன்று. "இந்தியர்கள் ஏன் இங்கிலீஷ் பேசுகிறார்கள்?" என்ற கேள்வி வந்தே தீரும். "நீங்கள் இந்து மொழி பேசுவீர்களா?" என்றும் கேட்பார்கள், இந்தியர் என்பதற்கும் இந்து என்பதற்கும் பல பேர் ஒரே சொல்லைப் போடுவார்கள். கோபப்படாமல் தயாராகப் போங்கள். 1965ல் இங்கே மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியது, 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை, ஆங்கிலம் நமக்குப் பொதுவாசலாக நின்றது எப்படி என்பதைப் பத்து எளிய வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லீசே பிள்ளைகளுக்கு 1746ஐச் சொல்லுங்கள். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொன்னே சென்னைக் கோட்டையைப் பிடித்து, 1749 வரை நம்ம ஊர் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. இது அங்கே டீச்சர்களுக்கே தெரியாது. அந்த மூன்று வருஷம் நீண்டிருந்தால் நான் உங்களுக்கு எந்த மொழி சொல்லிக்கொடுக்க வந்திருப்பேன் என்று கேட்டேன். அரை மணி நேரம் விவாதம் ஓடியது.

குரோம்பேட்டை_டியூஷன்
ஆகஸ்ட் 11, இரவு 9:15

அசை அழுத்தம் பற்றிச் சொன்னது சரி மேடம். நான் சொல்ல வந்ததன் கரு அதுதான், உச்சரிப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். பெரம்பூர் சகோதரி விரும்பினால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் உட்காரலாம், கட்டணம் வேண்டாம்.

லாசப்பேல்_கடைத்தெரு
ஆகஸ்ட் 12, அதிகாலை 2:30

வணக்கம் பிள்ளை. நான் பாரிசிலை இருக்கிறன், யாழ்ப்பாணம். விமான நிலையத்திலை இருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் எடுத்தால் கார் து நோர் ஸ்டேசன். அங்கையிருந்து எங்கட தமிழ்க் கடைத்தெரு லா சப்பேல் நடக்கிற தூரம். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும், ஊரிலையிருந்து சுமக்கத் தேவையில்லை. கிட்டத்தான் மாணிக்க விநாயகர் கோயிலும். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டித் தேர் வரும், உங்கட நாள் அதுக்குப் பிறகு.

கவனம், கிளெர்மோன் பக்க ரயில் பெர்சி நிலையத்திலை இருந்துதான் வெளிக்கிடும். கார் து லியோன் என்று நினைச்சுப் போய் ரயிலைத் தவறவிட்ட ஆக்களைப் பாத்திருக்கிறன். ஷாத்லேயிலை மாறி 14ஆம் இலக்க மெட்ரோ எடுங்கோ, பெர்சியிலை நிக்கும். பெரிய பெட்டியோடை மாறுறதுக்கு ஒரு மணித்தியாலம் கூட வைச்சுக்கொள்ளுங்கோ.

திருவொற்றியூர்_தேரடி
ஆகஸ்ட் 12, காலை 8:05

நான் ரென்னுக்குப் போகிறேன், நானும் இந்த வருஷம்தான். சுத்த சைவம். காந்தீனில் (பள்ளிச் சாப்பாட்டுக் கூடம்) சாப்பிட முடியுமா? குக்கர் எடுத்துப் போகலாமா?

அடையாறு_காற்று
ஆகஸ்ட் 12, காலை 9:10

தம்பி, பள்ளி காந்தீனில் வாரம் ஒரு நாள் சைவச் சாப்பாடு சட்டப்படி இருக்க வேண்டும், 2019 நவம்பர் முதல். மற்ற நாளில் சாலட், ரொட்டி, சீஸ், பழம், ஏதாவது வேகவைத்த காய். டீச்சர்களோடு உட்காரும் இடம் அதுதான், அதனால் சாப்பாடு சுமாராக இருந்தாலும் வாரம் இரண்டு நாளாவது போங்கள். நான் பேசக் கற்றுக்கொண்டது அந்த மேஜையில்.

குக்கர் எடுத்துப் போங்கள், ஆனால் அடியில் இண்டக்ஷன் முத்திரை பார்த்து வாங்குங்கள். வெறும் அலுமினிய குக்கர் அந்த அடுப்பில் சூடே ஆகாது. நம்ம மூன்று முள் பிளக்கும் அங்கே பொருந்தாது. பிரித்தானியில் 'லே ரிபோ' என்று ஒரு பால் விற்பார்கள், அட்டைப் பெட்டியில். நம்ம மோர். உப்புப் போட்டுக் குடித்துப் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரியூனியன்_போய்வந்தவன்
ஆகஸ்ட் 14, இரவு 11:00

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். பிரான்ஸ் என்றால் ஐரோப்பா மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் தாம்பரம், எனக்குக் கிடைத்தது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியன் தீவு. சென்னைக்கும் அதற்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான்.

முதல் நாள் வருகைப் பட்டியலைப் பார்த்தேன். ராமசாமி, மாரிமுத்து, வீரப்பிள்ளை, எல்லாம் பிரெஞ்சு எழுத்தில், குடும்பப் பெயராக. 1848ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்குப் புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனவர்களின் வம்சம். மலபார் என்று அழைப்பார்கள். காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், முருங்கைக் கீரையை 'மூரூம்' என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் பேச வராது. ஒரு பெண் குழந்தை வகுப்பு முடிந்ததும் நின்று, "சார், என் பேருக்கு அர்த்தம் இருக்கிறதா?" என்று கேட்டது. மாரி என்றால் மழை, முத்து என்றால் முத்து என்று இங்கிலீஷில் சொன்னேன். நோட்டில் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனது. மறுநாள் அதன் தாத்தா பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்.

பெரம்பூர்_ரயிலடி
ஆகஸ்ட் 15, காலை 10:30

எல்லோருக்கும் நன்றி. டியூஷன் சார், கண்டிப்பாக உட்காருகிறேன். பிறப்புச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தேன், மாநகராட்சி கொடுத்ததில் என் பெயரே இல்லை, அப்பா அம்மா பெயர் மட்டும்தான். இது பிரச்சினையா?

காலேஜ்_ரோடு_மரநிழல்
ஆகஸ்ட் 15, மதியம் 12:05

பிரச்சினைதான், உடனே பெயர் சேருங்கள். நம் தலைமுறையில் நிறையப் பேருக்கு இப்படி. மருத்துவக் காப்பீட்டு எண் வாங்க அங்கே அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்தில் முத்திரையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு நீதிமன்றப் பதிவு பெற்றவர் செய்ததாக இருக்க வேண்டும், நாமே செய்தால் செல்லாது. அங்கே போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும், அதை மறந்தால் சட்டப்படி நீங்கள் அங்கே இல்லாத ஆள்.

பெரம்பூர்_ரயிலடி
அக்டோபர் 13, இரவு 11:48

வந்து சேர்ந்து இரண்டு வாரம். சுருக்கமாக.

வீடு கிடைத்தது, 340 யூரோ, ஒரு நர்ஸோடு பகிர்ந்துகொள்கிறேன், பள்ளி எட்டு நிமிட நடை. பொறுப்பு ஆசிரியர் அருமையானவர். டீச்சர்கள் எல்லோரும் முதல் நாளே தங்களை 'நீ' என்று கூப்பிடச் சொல்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயசு டீச்சரை நீ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இன்னும் பாதி வாக்கியம் நீங்கள், பாதி நீ.

பெயர்தான் விநோதம். இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறது. அலுவலகத்தில் அப்பா பெயர் சொல்லி 'மதாம்' என்று கூப்பிட்டார்கள். நான் ஒரு நொடி திரும்பி அப்பாவைத் தேடினேன். அழுகை வந்துவிட்டது.

வங்கி அட்டை தபாலில் வர வேண்டும், பன்னிரண்டு நாளாகக் காணோம். விசாரித்தால், முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. யாராவது இப்படி அனுபவித்தீர்களா?

அடையாறு_காற்று
அக்டோபர் 14, காலை 6:20

ஐயோ, இதைச் சொல்ல மறந்துவிட்டேனே. கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா மா? கதவு எண் மட்டும் பார்த்துத் தபால்காரர் போட மாட்டார், பெட்டிமேல் பெயர் இருக்க வேண்டும். ஒரு தாளில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி டேப் போட்டு ஒட்டுங்கள், நர்ஸ் பெயருக்குக் கீழே. வங்கியில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ரகசிய எண் தனிக் கவரில் வரும், அதுவும் இப்படித் திரும்பாமல் பாருங்கள்.

பெரம்பூர்_ரயிலடி
நவம்பர் 16, இரவு 12:40

அக்கா, பெயர் ஒட்டிய ஐந்தாம் நாள் அட்டை வந்தது. சம்பளம் இன்னும் வரவில்லை, இந்த மாதக் கடைசி என்கிறார்கள். நீங்கள் சொன்ன தொகையைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடிகாரத்தை மாற்றிய பிறகு வீட்டோடு நாலரை மணி நேர வித்தியாசம். நான் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு முடிக்கும்போது அம்மா தூங்கப் போயிருக்கிறார். அதனால் காலை காபி நேரத்தில் பேசுகிறோம், அங்கே மதியச் சமையல் நடக்கும்.

வகுப்பைச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது மாதிரியான வகுப்பு, எட்டுப் பிள்ளைகள். 'ஐ ஆம் ஹங்ரி' என்று சொல்லச் சொன்னேன், எட்டு பேரும் 'ஐ ஆம் ஆங்ரி' என்றார்கள். பிரெஞ்சில் ஹ ஒலியே கிடையாது. திருத்தினால் முகம் சுருங்கிவிடுகிறது. அப்போது எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. பலகையில் 'ஹோட்டல்' என்று இங்கிலீஷில் எழுதி, இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்றேன். "ஓத்தெல்." என் பாட்டி எப்படிச் சொல்வார் தெரியுமா என்று கேட்டு, "ஓட்டல்" என்றேன். எங்கள் மொழியிலும் அந்த எழுத்து முதலில் கிடையாது, வெளியிலிருந்து வாங்கியதுதான் என்று ஹ எழுதிக் காட்டினேன். நானும் பழகித்தான் பேசுகிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் உட்கார்ந்திருந்த விதமே மாறிவிட்டது. அப்புறம் ஆளுக்கொரு சின்னத் தாள் கொடுத்து வாய்க்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். ஹ சரியாக வந்தால் தாள் ஆடும். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பையன், மணி அடித்த பிறகும் தாளைப் பிடித்துக்கொண்டு 'ஹங்ரி, ஹங்ரி' என்று ஊதிக்கொண்டிருந்தான். மறுநாள் நடைவழியில் என்னைப் பார்த்து 'ஹலோ' என்றான், ஹவோடு.

பொறுப்பு ஆசிரியரின் கணவர் டயர் கம்பெனியில் வேலை, சென்னைக்கு அருகே தேர்வாய்க் கண்டிகையில் இருக்கும் அவர்கள் ஆலைக்கு இரண்டு முறை வந்திருக்கிறாராம். போன ஞாயிறு வீட்டுக்கு அழைத்து, சரவணபவன் தோசை இங்கே எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார்.

வடபழனி_74
நவம்பர் 17, காலை 7:15

இதை மகளிடம் படித்துக் காட்டினேன். விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். மாநகராட்சியில் பெயர் சேர்க்க நாளை நானே போகிறேன். நன்றாகச் சாப்பிடு அம்மா.

திருவொற்றியூர்_தேரடி
நவம்பர் 17, இரவு 9:30

ரென்னில் ரிபோ கிடைத்தது, அடையாறு அக்கா சொன்னது அப்படியே சரி. பெரம்பூர், உங்கள் பக்கம் மோர் கிடைக்கிறதா?

பெரம்பூர்_ரயிலடி
நவம்பர் 17, இரவு 11:55

ரிபோ இல்லை. வட ஆப்பிரிக்கக் கடையில் 'லபென்' என்று இருக்கிறது, அதுவும் மோர்தான், கொஞ்சம் கெட்டி. தண்ணீர் கலந்து இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி தட்டிப் போட்டேன். லா சப்பேலில் வாங்கிய கறிவேப்பிலை போன வாரமே தீர்ந்துவிட்டது.